அம்மன் கணக்கில் இருந்த சேவல்

1. பிபிஇ கிட்டும் பங்குனி வெயிலும்

அனகாபுத்தூரில் ஆற்றோரமாக ஒரு சந்து. முதலில் அங்கே காக்கைகள் செத்து விழுந்தன. அப்புறம் இரண்டு வீட்டுக் கோழிகள். சாம்பிள் பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்த காலையில் எங்கள் டீமை அங்கே இறக்கிவிட்டார்கள். அப்போது நான் தாம்பரம் பக்கம் கால்நடை ஆய்வாளர், ரிட்டயர் ஆகச் சில மாதம்தான் பாக்கி. மாட்டுக்கு ஊசி போட்டே காலத்தை ஓட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தவனுக்குத் தலை முதல் கால் வரை பிபிஇ கிட்டை மாட்டிவிட்டார்கள். பங்குனி வெயிலில் உள்ளே இட்லி மாதிரி வெந்தேன்.

அந்தச் சந்தில் ஒரு கோழி மிச்சமில்லாமல் பிடித்துக் கொன்று, குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் பறவைக் காய்ச்சல் அடுத்த தெருவுக்குப் போய்விடும். கோழியைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் வரலாம். இந்த மாதிரி நேரத்தில் ஜனங்கள் கோழியைத் துணிப்பையில் போட்டு மேடவாக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

போய்ப் பார்த்தால், கோழிகளை எல்லாம் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தனலட்சுமி என்பவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். பக்கத்து அபார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்கிறவர்.

"பசங்க கீற எடம் சார். இன்னா பண்றது, எடுத்துக்கினு போங்க," என்றார்.

சில பெண்கள் அழுதார்கள். ஆனால் ஒருவரும் ஒளிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வேலையை முடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, கிளியர் என்று எங்கள் கால்நடை டாக்டருக்குச் சொல்லப் போனை எடுத்தேன்.

தனலட்சுமி வீட்டுப் பின்பக்கம் ஒரு சேவல் கூவியது, தொண்டை கட்டின மாதிரி.

2. உத்தரவு

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னம்மா இது? எல்லாத்தையும் குடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"எங்குளுது எல்லாம் குடுத்துட்டோம் சார்," என்றார், நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியாமல். "அது எங்குளுது இல்ல. அம்மனுது. நேர்ந்து வுட்டது."

விசாரித்தால் இன்னும் நாலைந்து வீடுகளில் இதே கதை. நேர்ந்துவிட்ட சேவலை விற்க மாட்டார்கள், வீட்டுக்கு அறுக்க மாட்டார்கள், தங்களுடையது என்று வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். உங்கள் கோழி எத்தனை என்றுதான் நான் கேட்டேன். அதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

தனலட்சுமியின் மகளுக்கு இதயத்தில் ஓட்டை. சின்னப் பெண். அடுத்த மாதம் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் ஆடியில் செலுத்துவதாக வேண்டிக்கொண்ட சேவல் அது. முன்னாலேயே அதைக் கொன்றுவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு எங்கள் சர்க்குலரில் பதில் கிடையாது. போலீசைக் கூப்பிடலாம் சார் என்றார் டிரைவர். எனக்கு மனசு வரவில்லை.

"அம்மன்கிட்டயே கேட்டுக்கறேன் சார்," என்றார் தனலட்சுமி.

கேட்கிற முறை தெரிந்ததுதான். மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். சேவல் உடம்பைக் குலுக்கினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சேவல் பக்கத்தில் யாரையும் விட முடியாது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியும் மாஸ்க்கும் கிளவுஸுமாக நானே தெளித்தேன். இப்படி ஒரு பூசாரியை அந்த அம்மன் பார்த்திருக்கவே மாட்டாள்.

சேவல் குலுக்கவில்லை. மறுபடியும் தெளித்தேன். இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண் சொருகி அப்படியே நின்றது. காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தனலட்சுமி சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"தண்ணி பட்டா எந்தச் சேவலும் சிலுத்துக்கும். இதுக்கு ஒடம்பு முடியல. சீக்கு சேவலை அவளுக்கு எப்டி சார் குடுப்பேன்? எடுத்துக்கினு போங்க. வேற நல்லதா பாத்துக் குடுக்கறேன்."

"பாப்பாவுக்கு ஆபரேஷன் கீதே..." என்று பக்கத்து வீட்டுப் பெண் இழுத்தார்.

"அவ பாத்துப்பா. மத்த புள்ளைங்களுக்கும் அவதான அம்மன்."

அதற்குப் பிறகு யாரிடமும் நான் பேச வேண்டியிருக்கவில்லை. மற்ற வீட்டுச் சேவல்களும் ஒவ்வொன்றாகக் கூடையோடு வாசலுக்கு வந்தன. என் சர்வீஸில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல எனக்கு உடம்பு சிலிர்த்ததில்லை.

3. செக்கப்

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் கோழி எத்தனை என்று கேட்ட கையோடு, சாமி கோழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுமையாக நில்லுங்கள்.

கோழி வளர்க்கக் கூடாது என்று போட்ட தடை எல்லாம் நீங்கி ஆடி பிறந்ததும், எங்கள் மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் தனலட்சுமி வந்து நின்றார். பக்கத்தில் அவர் மகள், ஒரு சிவப்புச் சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கவுன் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது.

"அம்மனுக்குப் போறது சார். சீக்கு எதுனா கீதான்னு நல்லா பாத்துச் சொல்லுங்க."

கண், மூக்கு, கொண்டை, கால், இறக்கைக்கு அடி என்று ஒன்று விடாமல் பார்த்தேன். எந்த அதிகாரி வீட்டு நாய்க்கும் அவ்வளவு பார்த்ததில்லை. முடித்துவிட்டுக் கை கழுவியபோது இரண்டு சொட்டுத் தண்ணீர் சேவல் மேல் தெறித்தது.

அது உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தனலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டார். ஈரக் கையோடு நானும் கும்பிட்டேன்.