கிருத்திகையன்று குப்பைமேனி

திருத்தணி ஸ்டேஷன் மதிலோரம் குப்பை கொட்டுகிற இடத்தில் குப்பைமேனி முழங்கால் உயரம் நிற்கிறது. கணுவுக்குக் கணு, கிண்ணம்போன்ற சிற்றிலைகளுக்குள் பூ. சென்னையில் எந்தச் சுவரோரமும் முளைக்கிற செடிதான். ஆனால் தாவரவியல் வாத்தியார் கை சும்மா இருக்குமா? வகுப்பில் காட்டலாமென்று ஒன்றை வேரோடு பிடுங்கி, காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைக்கிறேன்.

அந்த வேரின் வாசனைக்குப் பூனைகள் கிறங்கும் என்று வருஷாவருஷம் பாடம் நடத்துகிறவன் நான். பிளாட்பாரத்தில் மூன்று பூனைகள் பையை உரசிக்கொண்டு சுற்றும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

மலையேறி மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வந்த கூட்டம் விலகி நிற்கிறது. பூக்காரம்மா கேட்கிறாள்: "இன்னா சாமி, கிருத்திகையும் அதுவுமா பையில கருவாடா?"

"செடியம்மா. குப்பைமேனி வேர்."

"ஆங். செடிக்கா பூனைங்க இப்பிடி சுத்திகினு கீது?"

கருவாட்டோடு ஏறவிடமாட்டோம் என்கிறார் ஒரு மொட்டைத்தலைக்காரர். உலக யுத்தத்தால் ரயில் வண்டிகளைக் குறைத்துவிட்டார்கள்; இதை விட்டால் நாளைக் காலைதான். வண்டி வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் பொட்டலத்தைத் தூர எறிகிறேன். பூனைகள் பாய்ந்துபோய் அதன்மேல் புரளுகின்றன.

"நல்ல கருவாடு போலக்கீது," என்கிறாள் பூக்காரம்மா வருத்தத்தோடு.

நிற்க இடமில்லாத பெட்டியில் என் பெஞ்சில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அரக்கோணம்வரை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிறேன், கருவாட்டுக்காரனாக.