ஒரு முகவரிக்கு ஓர் ஆள்

சிட்னியின் டூங்கபியில் ஜெயரட்ணம் அங்கிளைத் தெரியாத தமிழர் குறைவு. பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணினி வேலை. மாலையில் தமிழ்ச் சங்கத்தின் இணையத்தளத்துக்குச் சம்பளமில்லாத காவல்.

அந்தத் தளத்தில் சேர முதலில் ஒரு பயனர் பெயர் வேண்டும். எல்லோரும் ஆசையாக ஒன்றை வைத்துக்கொண்டார்கள், பிறகு மறந்துபோனார்கள்.

"பிள்ளை, நான் சிங்கம் எண்டு போட்டனானோ, தங்கச்சிங்கம் எண்டு போட்டனானோ?" என்று வீட்டுக்குத் தொலைபேசி வரும்.

அங்கிள் குளிக்கிறார் என்று மனைவி ரஞ்சினி அன்ரி சொல்லுவார். தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்த அந்த ஆண்டுகளில் சிட்னியிலேயே அதிகம் குளித்தவர் அங்கிளாகத்தான் இருக்கும்.

"பேரை விட்டுப்போட்டு ஈமெயிலைக் கேளுங்கோவன். அதை மறக்கமாட்டினம்" என்றார் அன்ரி ஒருநாள்.

அங்கிள் அப்படியே மாற்றினார். செயற்குழுவில் அது தன் யோசனை என்றார். ஓர் ஈமெயிலுக்கு ஓர் உறுப்பினர்தான். பழைய பட்டியலில் இல்லாத முகவரி என்றால் செயலாளர் அனுமதிக்க வேண்டும். கணவனோடு ஒரே முகவரி வைத்திருந்த சந்திரகலா அன்ரி முறையிட்டபோது, "அவரின்ர பதிவில குடும்பத்தினர் எண்டு ஒரு இடம் இருக்கு, அதில சேருங்கோ. சிஸ்டம் எண்டா சிஸ்டம்தான்" என்றார் அங்கிள்.

பிறகு சங்கத்தின் பாட்மின்டன் போட்டி வந்தது; பதிவு அதே தளத்தில்தான். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் போன வருடம் அங்கிளைத் தோற்கடித்த வரதராஜன், அதைப் போகிற பிறந்தநாள் விழாவிலெல்லாம் நினைவூட்டிக்கொண்டிருந்தார். இம்முறை அங்கிள் புது ராக்கெட் வாங்கியிருந்தார். ஆனால் தளத்துக்குள் எப்போதும் சங்கத்தின் முகவரியால் போய்ப் பழகியவர், தனக்கென்று பதிய மறந்துவிட்டார். பதிவு முடிகிற வெள்ளிக்கிழமை மாலைதான் உட்கார்ந்தார்.

'இந்த ஈமெயிலில் ஏற்கெனவே ஓர் உறுப்பினர் இருக்கிறார்' என்றது திரையில் அவரே எழுதிவைத்த வாசகம்.

"ரஞ்சினி, எங்கட ஈமெயிலில ஆரோ பதிஞ்சிருக்கினம்."

"நான்தான்" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"நீர் ஏன் பதிஞ்சனீர்?"

"அந்த ஈமெயில் பெட்டியைத் திறக்கிறது நான்தானே. பல்லு டொக்டருக்குப் பதில் போடுறதும் நான்தான்."

புது முகவரி எடுக்கலாம். ஆனால் அனுமதிக்க வேண்டிய செயலாளர் மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். தொலைபேசியை எடுக்கவில்லை.

"உள்ளுக்க போய் நானே மாத்தலாம்" என்று அங்கிள் முணுமுணுத்தார்.

"மாத்துங்கோ. சந்திரகலாவுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுறன்."

அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் இந்த நாட்டுக்கு உங்கட டிப்பெண்டன்டாத்தானே வந்தனான். ஒருநாளைக்கு நீங்கள் என்ர டிப்பெண்டன்டா விளையாடுங்கோவன். எழும்புங்கோ, குடும்பத்தினர் எண்ட இடத்தில உங்கட பேரை நான் போடுறன்."

மறுநாள் செவன் ஹில்ஸ் மண்டபத்தில் ஒலிபெருக்கி, "அடுத்தது வரதராஜன். எதிர்த்து விளையாடுபவர், ரஞ்சினி குடும்பத்திலிருந்து ஜெயரட்ணம்" என்றது.

"என்ன சார், மேடம் அனுப்பினாங்களா?" என்றார் வரதராஜன்.

"ஓம். வெண்டுபோட்டு வரச்சொல்லி அனுப்பினவ."

அங்கிள் வென்றார். சான்றிதழ் திங்கட்கிழமை ஈமெயிலில் வந்தது. அன்ரி அதைத் திறந்து, தான் ஆற அமர வாசித்துவிட்டுத்தான் அவருக்குக் காட்டினார்.