படகில் நான் பார்க்காத கொலுசு

பாய்மரப் படகில் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றைச் சுற்றிவந்த முதல் நாமக்கல்காரி நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பயணத்தில் பாதி நேரம் என் தலை ஒரு நீல வாளிக்குள் இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடுவேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் இந்தப் பெண்ணுக்கு அந்த வயதிலேயே என்ன தெளிவு என்று நீங்கள் நினைத்தால், அந்த நினைப்பைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மாமாவைக் கூட்டிவரப் போனோம். அம்மாவுக்கு ஒரே தம்பி. கப்பல் இஞ்சின் படிப்பு படித்துக் கப்பலேறி, நடுவில் ஏதோ ஒரு தீவில் படகு ரிப்பேர் பட்டறையில் வேலை கிடைத்து இறங்கிக்கொண்டவர். போனில் கேட்கும்போதெல்லாம் அடுத்த சித்திரைக்கு வாரேன் என்பார். அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்புச்சி என்று கூப்பிடுவோம். அவர் நான்கு சித்திரை பொறுத்துப் பார்த்தார். ஐந்தாவது சித்திரையில் ராசிபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, உப்புச் சக்கரை மாற்றிக்கொள்ள நாளும் குறித்துவிட்டார். எங்கள் பக்கம் உப்புச் சக்கரை மாற்றியாயிற்று என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது என்பதை அப்புச்சி ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் போட்டோவை அம்மாவிடம் கொடுத்து, “கையோட கூட்டிக்கிட்டு வந்துரு” என்று மட்டும் சொன்னார். ஏதோ சந்தையில் கட்டிப்போட்டிருந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிற மாதிரி.

போய் இறங்கிய மூன்றாம் நாள் மாமா எங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். ஒரே ஒரு பாய்மரம் வைத்த வெள்ளைப் படகு. “முழுப் படகும் நமக்குத்தானுங்க மச்சான். வேற ஆளே கிடையாது. தீவ ஒரு சுத்துச் சுத்திட்டு அந்திக்குள்ள வந்தறலாம்” என்றார் அப்பாவிடம். நடுக்கடலில் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது என்று மாமா யோசித்திருக்க வேண்டும். கெட்டிக்காரர்தான். என்னையும் சேர்த்து யோசிக்க மறந்துவிட்டார்.

படகை ஓட்டியவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், ஆம்பிளைச் சட்டை, வெறுங்கால். மாமா அவருடைய பெயரைச் சொன்னார்; எனக்கு வாயில் நுழையவில்லை. படகு அக்கா என்று வைத்துக்கொண்டேன். 

அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். எந்த வண்டியைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்காமல் ஏறமாட்டார். படகையும் தட்டினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். “மரம் நல்ல மரந்தான் மாப்ளே. ஆனா ஸ்டியரிங்குக்குப் பதிலா ஒரு குச்சியக் குடுத்து வெச்சிருக்கறானே, இத நம்பிப் போலாமா?” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்காமல் எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிளம்பாது. இங்கே எந்தச் சக்கரம்? அப்பா படகை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் படகு அக்கா சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கி, கத்தியால் இரண்டாக வெட்டிக் கவிழ்த்து, படகின் மூக்கில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வைத்தார். “அட, வெவரமான புள்ளையா இருக்குதே!” என்று அப்பா சந்தோஷப்பட்டார். அந்த விவரத்தை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. அம்மா மட்டும் மாமாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

தீவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையாக வீடுகள். அதைத் தாண்டினால் புல் பூண்டு இல்லாத பாறை. “நம்ம நாமக்கல் மலையத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டாப்பல இருக்குது. இதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார் அப்பா. அன்று வானம் அழுக்குத் துணி மாதிரி இருந்தது. காற்று ஒரு நிமிஷம் அடிக்கும், ஒரு நிமிஷம் நிற்கும். படகு அதற்குத் தகுந்த மாதிரி சாய்ந்து சாய்ந்து எழுந்தது. காலையில் மாமாவின் அறையில் ராசிபுரத்து நெய் ஊற்றிச் சாப்பிட்ட பருப்புச்சோறு என் வயிற்றில் தனியாக ஒரு படகு ஓட்டிக்கொண்டிருந்தது. முதலில் நான் வாந்தி எடுத்தேன். அதைக் கேலி செய்துகொண்டிருந்த அப்பா இரண்டாவதாக எடுத்தார். ஒரே வாளி. “மெதுவா எடுங்க, எனக்கும் கொஞ்சம் எடம் உடுங்க” என்று நான் சொன்னதில் அம்மாவே சிரித்துவிட்டாள். அந்தப் பயணத்தில் அம்மா சிரித்தது அந்த ஒரு முறைதான்.

படகு அக்கா என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு மேலே போனார். படுத்தவள் படுத்தே இருந்திருக்கலாம். தலைமாட்டில் ஒரு இழுப்பறை இருந்தது. இழுப்பறை என்று ஒன்று இருந்தால் இழுக்கத்தானே தோன்றும்? இழுத்தேன். ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளிக் கொலுசு. சேலத்துக் கொலுசு. முத்து வைத்தது, முத்துக்கு முத்து நடுவில் குட்டி மணி. இத்தனை தூரம் வந்த மருமகளுக்கு மாமா ரகசியமாக வாங்கி வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலில் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. மாமாவுக்கு அளவு தெரியவில்லை, பாவம் என்று அவரை மன்னித்து, கைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, குலுக்கிக்கொண்டே மேலே போனேன்.

மேலே அம்மா அப்போதுதான் கைப்பையிலிருந்து ராசிபுரத்துப் பெண்ணின் போட்டோவை எடுத்து மாமாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். 

“மாமா, சின்னதா வாங்கிட்டீங்க!” என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

 பாய் படபடத்தது. அப்பா வாளியிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடியும் வாளிக்குள் போய்விட்டார். அம்மா என் கையைப் பிடித்துக் கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் படகு அக்காவைப் பார்த்தாள். அவர் சுக்கான் குச்சியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

“எத்தன வயசு?” என்றாள் அம்மா.

“ரெண்டு முடிஞ்சுதுங்க்கா. பாப்பா. இவ அவங்க அம்மா ஊட்டுல விட்டுட்டு வந்துருக்கறா” என்றார் மாமா.

“கொலுசு ஏது?”

“சேலத்துப் பையன் ஒருத்தன் கப்பல்ல வந்தான். வாங்கிட்டு வரச் சொன்னனுங்க்கா. பத்திரமா இருக்கட்டும்னு இங்க வெச்சிருந்தேன்.”

“அத்தைக்காரி நான் ஒருத்தி உசுரோட இருக்கறப்ப, எவனோ ஒருத்தன் கொலுசு வாங்கிட்டு வந்தானா?” என்று அம்மா கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது. “காது குத்தியாச்சா?”

“இல்லீங்க்கா.”

“அவளுக்குத் தாய்மாமன் இருக்கறானா?”

“இருக்கறானுங்க்கா. மீன் புடிக்கறான்.”

அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் என் பக்கத்துக்கு, “அப்ப இது எனக்கில்லையா?” என்று கேட்டேன். கேட்க வேண்டிய நேரம் பாருங்கள்.

அம்மா என் கையிலிருந்து இரண்டையும் கழற்றி, முந்தானையில் துடைத்து, எழுந்து போய்ப் படகு அக்காவின் கையில் வைத்தாள். படகு ஆடியதில் விழப்பார்த்தாள். அந்த அக்கா பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். முறைப்படி நான் அவரை அத்தை என்று கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

காற்று சுத்தமாக நின்றுபோனது. பாயைச் சுருட்டி இஞ்சின் போட்டுத் திரும்பினோம். வழியில் அம்மா மாமாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். “அப்பாகிட்டத் திடீர்னு சொன்னா அத்தோட முடிஞ்சுது. உன்னைய வாசப்படி மிதிக்க உடமாட்டாரு. மொதல்ல ஜாதகம் சரியில்லைன்னு ராசிபுரத்துச் சம்பந்தத்தத் தள்ளி வெக்கறேன். ஆடி போவட்டும், தீபாவளி போவட்டும். பக்குவம் பாத்து நானே சொல்றேன். புள்ளையக் கூட்டிக்கிட்டு வா. மூஞ்சியப் பாத்தாருன்னா மனசு எளகிரும். அது வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது.”

பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். “அம்மிணி, நீ எந்தக் கொலுசையும் பாக்கல. எந்தப் பாப்பாவப் பத்தியும் கேக்கல. வெளங்குச்சா?”

“வெளங்குச்சுங்மா.” 

மாமா என் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். கை கனத்தது. எனக்குக் கழுத்து வலித்தது. நெளிந்து விலகிக்கொண்டேன்.

ஊருக்கு வந்தோம். அம்மா சொன்னபடியே செய்தாள். எந்த ஜோசியரைப் பிடித்தாளோ, பையனுக்கு ஒரு வருஷம் கட்டம் சரியில்லை என்று அப்புச்சியை நம்பவைத்துவிட்டாள். அப்புச்சி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், “செரி, அடுத்த வருசம் பாக்கலாம்” என்றார். எல்லாம் அம்மா நினைத்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. நானும் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அதுதான் சாதனை.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்புச்சி வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கடலைப் பற்றிச் சொல்லு பாப்பா என்றார்கள். கூட்டம் கிடைத்தால் எனக்கு அருள் வந்துவிடும். அப்பா படகைத் தட்டியதை நடித்துக் காட்டினேன். சிரித்தார்கள். எலுமிச்சம்பழத்துக்குச் சக்கரம் தேடியதைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே வாளியில் இரண்டு பேர் வாந்தி எடுத்ததற்கு ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புச்சியே மீசைக்குள் சிரித்தார். அதற்குப் பிறகு என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. தலைகள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்தன. அம்மா அடுப்படியில் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்தக் கொலுசு எனக்கு வாங்கினதுன்னு நெனச்சுக் கையில போட்டுக்கிட்டு ஆடுனனுங்க! பாத்தா அது மாமாவோட பாப்பாவுக்காம்!” என்று இரண்டு கையையும் தூக்கிக் குலுக்கிக் காட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சரியாக நடிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் குலுக்கினேன்.

“எந்தப் பாப்பா, சாமி?” என்று அப்புச்சி கேட்டார். அத்தனை மெதுவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் என்னை முழுசாகக் காது கொடுத்துக் கேட்கிறார் என்ற பெருமையில், கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார். 

எங்கள் பக்கம் இழவுக்குப் போய்வந்தால் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்காகவும் அப்படி முழுகுவது உண்டு. முழுகிவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஆள் அந்த வீட்டுக்குக் கிடையாது. போன் கிடையாது, பேர் சொல்வது கிடையாது. எனக்கு இது தெரிந்தது பதின்மூன்று வயதில், நான் பெரியவளான சீருக்குத் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வந்து நின்றபோது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்புச்சி குளிக்கப் போகிறார், நம்மையும் இன்றைக்குத் தொட்டியில் விடுவார் என்பதுதான். பின்னாலேயே ஓடினேன். அப்பாவும் பெரியம்மாவும் வாசலோடு நின்றுவிட்டார்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “அப்பா, வேண்டாங்ப்பா! அப்பா!” என்று கத்தியது கேட்டது. தண்ணீர் சில்லென்று இருக்குமே, வயசானவருக்கு ஆகாதே என்று கத்துகிறாள் என்று நினைத்தேன்.

அவர் தொட்டிக்குள் இறங்கி, கண்ணை மூடி, மூழ்கி எழுந்தார். 

“ஒண்ணு!” என்றேன் நான்.

மறுபடியும் மூழ்கினார். “ரெண்டு!”

மூன்றாவது முறை எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. “மூணு!” என்று கை தட்டினேன். பிறகு பாவாடையோடு நானும் தொட்டிக்குள் குதித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை மூழ்கினேன். அவரை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக நான்காவதாகவும் ஒன்று மூழ்கினேன்.

எழுந்து பார்த்தபோது அம்மா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். புதுப் பாவாடை நனைந்ததற்கு அவள் திட்டவே இல்லை.