ஏற வேண்டிய முள்

கெம்பையன் யாரையும் நம்புவதில்லை. மைசூர் பன்னிமண்டபத்துக்குப் பின்னால் அவருடைய கார் பட்டறை. எதிர்வரிசையில் பில்ட்டர், பெல்ட் விற்கும் கடையில் நான் உட்காருகிறேன். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுப்பார். வேறு யாராவது கழற்றினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். என்னிடம் வாங்கும் பில்ட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "டூப்ளிகேட்டு இல்லீல்ல?" என்று கேட்காமல் கொண்டுபோனதில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துக்காரர். பதினாறு வயதில் கொள்ளேகால் லாரியில் கிளீனராக ஏறி மைசூரில் இறங்கியவர். முப்பத்தைந்து வருடம் ஆகியும் இந்த ஊரை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார்.

சொர்ணலதாவின் காருக்கு வேறு எஞ்சின் மாற்றிக் கொடுத்தது அவர்தான். தொழிற்சாலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் கார்; ஓட்டுவதும் சொர்ணலதாவே. தசரா முடிந்த வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலை, காரைப் பட்டறை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"அண்ணா, ரிங் ரோட்ல எழுபது தாண்டுனா ஆயில் லைட்டு எரியுது. ஸ்லோ பண்ணா அணைஞ்சிடுது. என்ன எஞ்சின் போட்டீங்க?"

"நல்ல எஞ்சினுங்க அம்மிணி."

"யாரு சொன்னாங்க, கவின்ராஜா?" இப்போது மாட்டியிருக்கும் செகண்ட்ஹேண்ட் எஞ்சினை விற்றவன் கவின்ராஜ். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு, ஒரே பேச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களா? திங்கக்கெழமை அஞ்சரைக்கு வண்டி நிக்கலேன்னா என் ரூட்டை வேற காருக்குக் கொடுத்துடுவாங்க. நடுரோட்ல எஞ்சின் ஜாம் ஆனா அதோட நான் முடிஞ்சேன்."

கெம்பையன் முதலில் விளக்கையே சந்தேகப்பட்டார். ஆயில் அழுத்தம் குறைவதை விளக்குக்குச் சொல்லும் சுவிட்சு, காரில் முன்பிருந்த எஞ்சினிலிருந்து எடுத்து மாட்டியது. அது பொய் சொல்லலாம். அதைக் கழற்றி, அந்தத் துளையில் நீளக் குழாய் வைத்த, அழுத்தம் காட்டும் கேஜைத் திருகி, எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தார். முள் ஒன்றரையில் நின்றது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். மூன்று வரை ஏறியது. கொஞ்சம் நின்றது. பிறகு நடுங்கிக்கொண்டே இறங்கியது. ஒன்று. அரை. சட்டென்று எஞ்சினை அணைத்தார்.

கேஜையும் நம்பவில்லை. தெருக்கோடிப் பட்டறையிலிருந்து இன்னொன்று வாங்கி வந்து மாட்டினார். அதுவும் அதையே சொன்னது.

"பேரிங் தேஞ்சிருந்தா வண்டி சும்மா நிக்கையில குறையோணும், ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஏறோணும். இது தலைகீழா இருக்குதுங்க. கீழ ஆயில் உறிஞ்சற எடத்துல என்னமோ அடைக்குது."

"அப்போ கவின்ராஜ் குப்பையைத் தள்ளிவிட்டுட்டான்."

"செய்யக்கூடியவன்தானுங்க." அவர் முகத்தில் ஒரு நிம்மதியே வந்தது. உடனே போன் போட்டார். கவின்ராஜின் குரல் என் கடைவரை கேட்டது. "மாமா, எஞ்சினுக்குள்ள நான் மண்ணையா அள்ளிப் போட்டேன்? தொறந்து பாத்துட்டுப் பேசு!"

சொர்ணலதா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க எதைக் கழட்டறீங்கன்னு பாக்கணும். சும்மா நம்ப முடியாது."

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தகரத் தொட்டியைப் பட்டறையில் சேம்பர் என்பார்கள். அதன் போல்ட்டுகளில் வெள்ளைக் கோடு ஒன்றுகூட உடையவில்லை. கெம்பையன் அதை இரண்டு தடவை பார்த்தார். சேம்பரை இறக்கியபோது சொர்ணலதாவுக்குப் போன் வந்தது. எழுந்து தெருப்பக்கம் போனார். கெம்பையன் கேட்ட புது பில்ட்டர் பெட்டிகளோடு நான் அங்கே வந்திருந்தேன். ஆயில் உறிஞ்சும் கம்பி வலையில் கறுப்பாக, ஊறிய தேயிலை போல ஏதோ அப்பியிருந்தது. கெம்பையன் ஒன்றைப் பிய்த்தெடுத்து விரலில் தேய்த்தார். முகர்ந்தார்.

செவ்வந்தி இதழ்.

எனக்கும் புரிந்தது. ஆயுத பூஜையன்று, கழுவித் துடைத்து வைத்திருந்த அந்தச் சேம்பரில்தான் ஸ்பானர்களை அடுக்கியிருந்தார். தாம்பாளம் போல வாகாக இருந்தது. மேலே கைகொள்ளாமல் பூச் சொரிந்தார். நானும் பொரி வாங்கித் தின்றேன். மறுநாள் பூவை அள்ளிக் கொட்டிவிட்டு அவசரமாக மாட்டியிருக்கிறார். ஆயில் அலம்பாமலிருக்க உள்ளே வைத்த தகட்டுக்குக் கீழே இதழ்கள் தங்கிவிட்டன. பூஜை போட்டதும் அவர்தான், மாட்டியதும் அவர்தான்.

கை மூடிக்கொண்டது. தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பில்ட்டர் பெட்டிகளை அடுக்குவதுபோலக் குனிந்தேன்.

"கையில என்ன?" சொர்ணலதா திரும்பி வந்திருந்தார்.

கெம்பையன் மறுபடி தெருவைப் பார்த்தார். பிறகு கை திறந்தது. "பூவுங்க. பூஜைக்கு நான் போட்டது. கவின்ராஜு மேல தப்பில்லீங்க."

சொர்ணலதா இதழைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தார். "அவனைக் காப்பாத்த நல்ல கதையா இருக்கே. எஞ்சினு மோசம்னா மாத்திக் கொடுக்கணும். பூவுன்னா தொடைச்சுட்டா போச்சு."

"நானே தப்பை ஒத்துக்கிட்டா அதுக்கும் இந்த மரியாதைங்களா?"

"நீங்க நட்டுக்குக் கோடு போடுவீங்க. நான் கேள்வி கேக்கக் கூடாதா?"

கெம்பையன் வலையைக் கழுவினார். ஆயில் பட்டினி கிடந்த பேரிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், கீறல் இல்லை. சேம்பரை டார்ச் அடித்து மூன்று தடவை தேடிவிட்டு மாட்டினார். மாலை நான்கு மணிக்குப் புது ஆயில் ஊற்றி, கேஜின் குழாயை பானெட் இடுக்கு வழியாக இழுத்து, முள் உள்பக்கம் தெரியும்படி வைப்பரோடு சேர்த்துக் கட்டினார்.

"தம்பி, நீயும் ஏறு" என்றார் சொர்ணலதா. "நாளைக்கு ஆளுக்கொண்ணு பேசினா மூணாவது ஆள் வேணும்."

ரிங் ரோட்டில் அறுபது, எழுபது. எதிர்வெயிலில் முள்ளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எண்பதில் நாலுக்குப் போய் நின்றது. சொர்ணலதா மெதுவாக்கி, மறுபடி எண்பதுக்கு ஏற்றினார். மூன்றாவது தடவையும் அது நாலைவிட்டு நகரவில்லை.

பட்டறை வாசலில் கெம்பையன் இறங்கி வைப்பரில் கட்டிய கேஜை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அது இருக்கட்டும்ணா. ஒரு வாரம்."

"என் சாமானுங்க அது. நான் யாருக்கும் ஒரு ஸ்பானர்கூட எரவல் குடுத்ததில்லீங்க."

"அதான் வேணும். உங்க சாமான் என்கிட்ட இருந்தா, வழியில நின்னு கூப்பிட்டாலும் ஓடி வருவீங்க."

பாதி அவிழ்ந்த முடிச்சை அவர் இழுத்துப் பார்த்தார். பிறகு இறுக்கிக் கட்டினார்.

"மழையில நனைய விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.