டீமேக்கர் வீட்டுப் பிரபஞ்சம்

பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று என்னிடம் யாரும் வந்து கேட்கவில்லை. நானாகத்தான் இழுத்து விட்டுக்கொண்டேன். குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் என் கணவர் டீமேக்கர், தூளின் பக்குவம் அவர் பொறுப்பு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மகளைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு எங்கள் குவார்ட்டர்ஸில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். ஆதியில் வெளிச்சம் பிறந்த பிறகும் வெகுகாலம் வெளியே வர முடியாமல் உள்ளேயே முட்டி மோதிக்கொண்டிருந்ததாம். எல்லாம் அவ்வளவு அடர்த்தியாம். பிறகு ஒரு கட்டத்தில் மூட்டம் விலகி, விட்டால் போதும் என்று கிளம்பியதாம். எழுதியவர் சமவெளிக்காரராக இருக்க வேண்டும், அப்படி அதிசயப்பட்டிருந்தார். ஐப்பசி கார்த்திகையில் காலை பத்து மணிக்கு விளக்குப் போட்டுப் பாடம் நடத்துகிறவளுக்கு அதில் என்ன அதிசயம்? இதை நான் வரைந்துவிடுவேன் என்று தோன்றியது. அந்தத் திமிரில் ஆரம்பித்ததுதான்.

அப்போதெல்லாம் தேயிலை மரப்பெட்டிகளில்தான் ஊரை விட்டுப் போகும். உடைந்த பெட்டிகளின் பிளைவுட் தகடுகளைக் கேட்டு வாங்கி, நாலு நாலாகச் சட்டத்தில் அடித்து, கதவு உயரத்துக்கு ஆறு பலகைகள் செய்துகொண்டேன். முதல் பலகை ஒன்றுமே இல்லாதது. கடைசிப் பலகை வெளிச்சம் வெளியே போவது. நடுவில் நாலும் மூட்டம். சூரியன் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, சாமி கிடையாது. எந்த உருவமும் வரக்கூடாது என்பது ஒன்றில்தான் நான் உறுதியாக இருந்தேன். மற்ற எல்லாவற்றிலும் குழப்பம்தான்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கிளார்க்கின் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்தார். மூட்டத்துக்காக மூன்று மாதம் பூசிய இரண்டாவது பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கீங்க டீச்சர். இதுமேல என்னங்க வரையப் போறீங்க?" என்று கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பாடு பெரும்பாடு. எண்ணெய் வண்ணம் ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது பூச முடியும். எங்கள் ஊரில் துவைத்த துணியே வாரக்கணக்கில் காயாது. கரி அடுப்பை மூட்டிப் பலகை முன்னால் வைத்துக்கொண்டு, விசிறியபடி உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்ற கால், வீட்டுக்கு வந்தும் நிற்க வேண்டும். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். பாதி நாள் தூரிகையைக் கையால் தொடவே பிடிக்காது. எதற்கு இந்த வேலை என்று என்னையே கேட்டுக்கொண்டால் பதில் வராது, அலுப்புத்தான் வரும். ஆனால் பாதியில் விட்டால் அதைவிட அலுப்பாக இருக்கும் என்று தெரிந்திருந்தது.

இதில் அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீமேக்கருக்கு மூக்குத்தான் பிழைப்பு. அரைத்த இலையைப் பரப்பி வைத்தால் அது மெல்ல நிறம் மாறும். பச்சை வாசனை போய்ப் பழுத்த வாசனை வரும். அது வரும் நேரத்தில் அள்ளி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தூள் கெட்டது. அந்த நேரத்தைச் சொல்கிற மூக்கு அவருடையது. அதோடு தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தலையில் பூ வைத்துக்கொண்டோ எண்ணெய் தேய்த்துக்கொண்டோ வருகிற பெண்களை அவர் ஃபேக்டரி வாசலிலேயே திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்டவர் வீட்டில் நான் வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன்.

சண்டை வராமல் இருக்குமா? "இந்த நாத்தத்துல மனுசன் எப்படிப் புள்ள படுக்கறது? மூக்குக்கு ஏதாச்சும் ஆனா வேலையும் போயிரும், ஊடும் போயிரும். ரெண்டு பேரும் ரோட்டுலதான் நிக்கோணும்" என்பார். சொன்னது நியாயம்தான். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அறைக் கதவின் கீழ்ச் சந்தில் பழைய சேலையைத் திணித்தேன். டப்பாவைக் குளியலறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் வாசனை நம் பேச்சைக் கேட்காது. அவர் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார்.

அந்தப் பனிக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டார். எழுந்த பிறகு சண்டை நின்றுபோனது. டர்பன்டைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. சேலையைத் திணிப்பதை விட்டேன். டப்பாவை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஐந்தாவது பலகை மளமளவென்று முடிந்தது. இடையில் ஒருநாள் அவர் முகம் தொங்கிப்போய் வந்தார். தூள் முன்னே மாதிரி இல்லை என்று தொரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், கூப்பிட்டுச் சொன்னாராம். "இல சரியில்ல, மழைல நனஞ்சது" என்றார். நானும் நம்பினேன்.

ஆறாவது பலகையைக் கனத்த வெள்ளையில் பூசி முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டர்பன்டைனில் அறையே மூழ்கியிருந்தது, எனக்கே கண் எரிந்தது. அவர் உள்ளே வந்து பலகைக்கு நேர் எதிரே, முகம் முட்டுகிற மாதிரி நின்று பார்த்தார்.

"காஞ்சிருச்சா?" என்று கேட்டபடியே உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"ஐயோ தொடாதீங்க!" என்று நான் கத்தியபோது கை முழுக்க வெள்ளை. அந்தக் கை அச்சை அப்படியே விட்டிருக்கலாமே என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கென்ன. நான் சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன்.

ஆனால் அப்போது நான் பலகையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். ஈரப் பூச்சின் முன்னால் நின்று காய்ந்துவிட்டதா என்று இந்த மனிதர் கேட்கிறார்.

"எத்தன நாளாங்க வாசன தெரியல?" என்றேன்.

"காச்சல் வந்துச்சில்ல, அப்ப இருந்து."

"அப்பறம் எப்படிப் பதம் பாக்கறீங்க?"

"நெறத்தப் பாக்கறேன். கையில புடிச்சுப் பாக்கறேன். சில நாளு சரியா வருது."

"என்னாலதானா?"

"காச்சலா, உன்ற டர்பன்டைனா, வயசா, யாரு கண்டா."

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா நீ நிறுத்தியிருப்ப."

"பின்ன நிறுத்தாம?"

"அதான் சொல்லல."

இதைக் கேட்டு எனக்கு மனம் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் இவரிடம் இந்தத் தியாகத்தைக் கேட்டார்கள்? ஒருவரும் கேட்காத படத்துக்கு, ஒருவரும் கேட்காத விலை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் வெள்ளைக் கையை உயர்த்திப் பிடித்தபடி, எங்கேயும் படாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

மண்ணெண்ணெய்த் துணியால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைத்த துணியை மூக்குக்கு நேரே பிடித்தேன். இல்லை என்று தலையாட்டினார். சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெருங்காயம், இல்லை. கற்பூரம், இல்லை. கருவாட்டுச் சட்டியைத் திறந்தேன். "வேண்டாம் புள்ள, விடு" என்றார். சட்டியை மூடி வைத்துவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டேன்.

தேயிலை டப்பாவை மட்டும் நான் எடுக்கவில்லை. அவரே போய் அலமாரியிலிருந்து எடுத்தார். மூடியைத் திறந்து முகத்தோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தள்ளி நின்ற எனக்கு வாசனை வந்தது.

பிறகு மூடியைப் போட்டு, காற்றுப் புகாதபடி சுற்றிலும் அமுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நாளைக்குத் தொரைகிட்டச் சொல்லிடறேன்" என்றார். "ஊடு காலி பண்ணோணும். பலகை ஆறுக்கும் லாரில எடம் வேணும்னு முன்னாடியே சொல்லி வெச்சரலாம்."