ஐம்பது பென்ஸ் பெட்டிக்குள் ஒரு கோல் காப்பாளர்

இந்த இங்கிலாந்தில் ஐம்பது வயது ஆண்கள் அழுது நான் பார்த்ததில்லை. செத்த வீட்டில்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு வானிலையைப் பற்றிக் கதைப்பார்கள். ஆனால் காகித அட்டையொன்றின் மூலை மடிந்துபோனதற்காக ஒரு மனிதர் கண்கலங்கி நின்றதை, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்துக்கு எதிரே பஸ் தரிப்பிடம். அதற்குப் பின்னால் ஒரு பொது மண்டபம். அன்று பகல் வேலை முடிந்து வெளியே வந்தால் மழை, அடுத்த பஸ் வர ஒன்றரை மணித்தியாலம். மண்டபத்துக்குள் ஒதுங்கப் போனேன். வாசலில் இருந்த பெண் இரண்டு பவுண் கேட்டாள். மழைக்கு ஒதுங்கவும் இங்கே கட்டணமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கொடுத்தேன். உள்ளே நாற்பது ஐம்பது மேசைகள். மேசை முழுக்க உதைபந்தாட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள். வளர்ந்த ஆண்கள் அவற்றை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, மூச்சுப் படாமல் திரும்ப வைத்தார்கள். பிறந்த குழந்தையைக்கூட நாங்கள் இவ்வளவு பக்குவமாகத் தூக்குவதில்லை. மூலை மடிந்ததற்குக் கண்கலங்கியவரும் அங்கேதான் நின்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பு மூன்றாவது மேசையோடு நின்றுபோனது. பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அட்டை. மஞ்சள் கரை, பச்சைச் சட்டை போட்ட மெலிந்த முன்கள ஆட்டக்காரன், ஒரு கால் பந்தின் மேல். எனக்கு இவனைத் தெரியும். நன்றாகவே தெரியும். இவனை என் அண்ணன் ரவி எங்கள் ஊரான மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு ஐஸ்பழத்துக்குக் கொடுத்தான். இங்கே அவனுக்கு நூற்றிருபது பவுண் விலை எழுதியிருந்தது.

அந்த அட்டைகள் எங்களுக்குப் பக்கத்து ஊரான காத்தான்குடியிலிருந்து வந்தவை. சவூதியில் பல வருஷம் வேலை செய்துவிட்டு வந்து கடை போட்ட பாரூக் காக்கா, அங்கே மலிவாகக் கிடைத்த சுவிங்கம் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு சுவிங்கத்தோடும் ஒரு அட்டை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினைந்து. அட்டையின் பின்பக்கத்தில் ஏதோ ஒரு ஐரோப்பிய மொழியில் நாலு வரி இருக்கும். அதை வாசிக்க எங்கள் ஊரில் யாரும் இல்லை. ஆனால் கீழ் மூலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எண். எண்ணை வாசிக்க யாருடைய உதவி வேண்டும்? அதுதான் அந்த ஆட்டக்காரனின் புள்ளி என்று நாங்களே முடிவு கட்டினோம். பெரிய எண் பெரிய ஆள். எங்கள் தெரு மட்டுமல்ல, காத்தான்குடிப் பிள்ளைகளும் அப்படித்தான் விளையாடினார்கள்.

விளையாட்டு இதுதான். இரண்டு பேரும் அட்டையைக் கவிழ்த்து வைப்போம். ஒரே நேரத்தில் திருப்புவோம். எண் கூடியவருக்கு மற்றவரின் அட்டை சொந்தம். ஆனால் தோற்றவர் அதைத் தூக்கிக் கொடுக்கமாட்டார். வென்றவர்தான் எழும்பி வந்து, தோற்றவரின் கைக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் யாருக்கும் விட்டுக்கொடுப்பு இல்லை.

பச்சைச் சட்டைக்காரனுக்கு அறுபத்திரண்டு. எவரோடு வைத்தாலும் தோற்பான். அதனால்தான் ஐஸ்பழத்துக்குப் போனான். என்னிடம் இருந்தவன் ஒரு கோல் காப்பாளர். மொட்டைத் தலை, இரட்டை நாடி, சட்டைக்குள் அடங்காத வயிறு. அவனுக்குத் தொண்ணூற்றெட்டு! அவனை வெல்ல அந்தக் கரையிலேயே ஆள் கிடையாது. அண்ணனிடம் மற்ற எல்லா அட்டைகளும் இருந்தன, இவன் மட்டும் இல்லை. என்னை எத்தனை தரம் கெஞ்சினான்! சைக்கிள் தாறன் என்றான், ஒரு மாதம் என் பங்குக்கும் தண்ணீர் அள்ளுகிறேன் என்றான். நான் மசியவே இல்லை. சின்னப் பிள்ளையின் கல் நெஞ்சு பெரியவர்களுக்கு வராது.

பிறகு கடல் எழும்பிய அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா கரைவலைக்குப் போனவர் திரும்பவில்லை. நானும் அம்மாவும் அண்ணனும் வாவிப் பக்கமாக ஓடித் தப்பினோம். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. அட்டைகளைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது என்று தோன்றியது.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போனான். ஏனென்றால் எனக்கு வீடு வேண்டும். மட்டக்களப்புக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். தான் ஒருநாளும் குடியிருக்கப் போகாத வீட்டுக்காக, பகலில் ஊரார் வீட்டுக்குச் சாந்து குழைத்தவன் பின்னேரத்தில் எனக்குச் சீமெந்துக் கல் அரிந்தான். அத்திவாரம் சுனாமிக்கு அடுத்த வருஷம். சுவர் எழும்பும்போது வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் சண்டை. கொக்கட்டிச்சோலை, வவுணதீவுச் சனம் தோணிகளில் வாவியைக் கடந்து எங்கள் கரைக்கு வந்து இறங்கியது. கூரையில்லாத என் வீட்டுச் சுவர்களுக்கு மேல் தறப்பாள் கட்டி மூன்று குடும்பங்கள் மாதக்கணக்கில் இருந்தன. வன்னியில் சண்டை எல்லாம் முடிந்த வருஷம்தான் ஓடு போட்டோம். அதற்கு மூன்றாம் வருஷம் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை களுவாஞ்சிகுடி, ஏற்கெனவே இங்கிலாந்தில் இருந்தவர். முறைப்படி அவர் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் விமானம் ஏறி அவருடைய வாடகை வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா போனார். முப்பத்தோராம் நாள் முடித்து நான் இங்கே திரும்பிய மறு மாதம் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து, "வீட்ட வித்துருவமா? சும்மாதானே பூட்டிக் கிடக்கு" என்றேன். இங்கே ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டும் யோசனை.  "உன்ட வீடு. நீ விரும்பினத செய். என்னோட இனிக் கதைக்காத" என்று வைத்துவிட்டான். அத்தோடு சரி. மச்சாள் மூலம் பிள்ளைகளின் சுகம் கேட்பேன். அவன் என் குரல் கேட்டாலே எழும்பி வெளியே போய்விடுவான். நான் கேட்டது பிழை என்று அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கவில்லை. 'மன்னித்துக்கொள்' என்று எழுதினால் அவன் அதை வாசிக்காமலே அழிப்பான். அவனை எனக்குத் தெரியும்.

அதனால்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நான் நகரவில்லை. பச்சைச் சட்டைக்காரன் இங்கே வந்திருக்கிறான் என்றால் என் மொட்டைத் தலையனும் வந்திருக்கத்தானே வேண்டும்!

ஆனால் கேட்டுவிடக் கூடாது. மீன் இறங்கும் துறையில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? றால் வேண்டுமென்றால் முதலில் நண்டின் விலையைத்தான் கேட்க வேண்டும். கண்ணை றால் பக்கம் திருப்பினாலே விலை ஏறிவிடும். மேசைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பெரிய மனிதர். அவரிடம் பச்சைச் சட்டைக்காரனைக் காட்டி, எழுதியிருந்தது தெரிந்தும் விலை கேட்டேன். சொன்னார். நெஞ்சில் கை வைத்தேன். நடிப்பில்லை, உண்மையாகவே வலித்தது. அந்த ஐஸ்பழம் ஞாபகம் வந்தது. "மலிவாக ஒன்றும் இல்லையா?" என்று போகிற போக்கில் கேட்டேன். மேசைக்குக் கீழே கிடந்த சப்பாத்துப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளினார். எது எடுத்தாலும் ஐம்பது பென்ஸ்.

நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்தேன். சுற்றி நின்றவர்கள் விலகிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். பெட்டிக்குள் ஆயிரத்துக்கு மேல் அட்டைகள், ஒரு ஒழுங்கும் இல்லை. மஞ்சள் கரை தெரிந்தால் உருவினேன். எழுபத்து நாலு. அறுபத்தொன்பது. எண்பது. ஒவ்வொருவரையும் எனக்கு அடையாளம் தெரிந்தது, பேர் மட்டும் தெரியாது. என் பஸ் வந்து போன சத்தம் கேட்டது. மற்ற மேசைகளில் விரிப்புகளை மடிக்கத் தொடங்கினார்கள். தாடிக்காரர் குனிந்து, "மன்னிக்க வேண்டும் லவ், நாங்கள் மூடப் போகிறோம்" என்றார். இங்கே முன்பின் தெரியாதவர்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் அப்படிக் கூப்பிட்ட கடைக்காரரை முறைத்துவிட்டு, வாங்கிய பாணை அங்கேயே வைத்துவிட்டு வந்தவள் நான். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. "ரெண்டு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டுப் பெட்டியை அப்படியே நிலத்தில் கவிழ்த்தேன்.

கிடந்தான். அதே மொட்டை, அதே இரட்டை நாடி. மூலை ஒன்று மடிந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

கத்தவில்லை. அவனை வேறு இரண்டு அட்டைகளுக்கு நடுவில் செருகி, முகத்தைத் தூக்கம் வந்தவள் போல வைத்துக்கொண்டு நீட்டினேன். தாடிக்காரர் மூன்றையும் பார்த்தார். என் சீருடையையும் பார்த்தார்.

"மகனுக்கா?"

"இல்லை, அண்ணனுக்கு."

"என்ன வயது அவருக்கு?"

"முப்பத்தைந்து."

அவர் முகம் இளகிப்போனது. "பாவம். நீங்கள் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள்" என்றார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். என் சீருடையைப் பார்த்து, அண்ணனையும் நான் பராமரிக்கும் நோயாளி ஒருவராக அவர் நினைத்துவிட்டார் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தாடிக்காரர் நடுவில் இருந்தவனை வெளியே எடுத்து, "இதன் மூலை மடிந்திருக்கிறது. இதற்குக் காசு வேண்டாம்" என்றார்.

அங்கேதான் என் மீன்துறைக் கெட்டித்தனம் எல்லாம் பறந்துபோனது. இவனை இலவசமாகவா? அந்தக் கரையில் கடலையும் சண்டையையும், இந்தக் கரையில் இத்தனை வருஷத்தையும் பார்த்தவளுக்கு இவனைப் பிச்சையாகவா தருவது? "காசு எடுங்கள். இந்த மண்டபத்திலேயே பெறுமதியான அட்டை இதுதான்" என்று ஐம்பது பென்ஸை மேசையில் அடித்து வைத்தேன்.

தாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவனா? இவன் பெரிய ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் ஆடினான். ஆறு கோலை உள்ளே விட்டான்!"

"ஆனால் தொண்ணூற்றெட்டு," என்று வட்டத்தைக் காட்டினேன்.

"அது கிலோ, லவ். அவனுடைய நிறை."

வட்டத்தைத் திரும்பவும் பார்த்தேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு நோகச் சிரித்தேன். ஆரையம்பதியும் காத்தான்குடியும் சேர்ந்து மாதக்கணக்காக ஆட்களின் நிறையை வைத்துத்தான் ராசாக்களைத் தெரிவு செய்திருக்கின்றன! உலகமே தூக்கிப் பிடித்த ஆட்டக்காரனை ஐஸ்பழத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆறு கோல் விட்ட தடியனுக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். இருந்தாலும் சொல்கிறேன், அந்த மண்டபத்திலிருந்து அன்று வெளியே வந்தவர்களில் என்னளவுக்கு வென்றவர் யாரும் இல்லை. மழை விட்டிருந்தது. விடாவிட்டாலும் எனக்கு உறைத்திருக்காது.

பஸ்ஸில் அட்டையின் பின்பக்கத்தை, எண் தெரியும்படி படம் பிடித்து, இரண்டு வருஷமாகப் பதில் வராத அந்த இலக்கத்துக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. இரண்டு நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டான். பதில் இல்லை. இரவு சமைக்கும்போதும் பார்த்தேன், இல்லை.

மறுநாள் காலை, வேலைக்கு வெளிக்கிட்டு ஒரு சப்பாத்துப் போட்டு முடித்திருந்தேன், படம் ஒன்று வந்தது. சாந்து படிந்து வெடித்த உள்ளங்கை. அதற்குள் உப்பில் ஊதி, கரை உரிந்து, படமே அழிந்துபோன ஒரு அட்டை. வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. வட்டத்துக்குள் எழுபத்தொன்று. நான் மூச்சு விடுவதற்குள் தொலைபேசி அடித்தது.

"என்ட எழுபத்தொண்டு," என்றான் அண்ணன். "உன்ட?"

"தொண்ணூத்தெட்டு."

"தெரியும். சொல்லிக் கேக்கணும் எண்டுதான்."

"அண்ணா, இது எங்கால?"

"அண்டைக்குச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது. அகதிக் காம்புக்குப் போன பிறகுதான் கண்டன். காய வச்சி வச்சிருந்தன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"உன்னட்ட ஒண்டும் மிஞ்சல்லியே. எனக்கு மட்டும் கிடைச்சிட்டு எண்டு எப்பிடிச் சொல்லுற?"

 இருபது வருஷம்! எனக்கு வீடு கட்டியவன், ஒரு ஈர அட்டையைக்கூட என் முன்னால் தனியாக வைத்திருக்கக் கூச்சப்பட்டிருக்கிறான். அவனிடம்தான் நான் விற்றுவிடுவோமா என்று கேட்டேன். அழுதுகொண்டே, "அந்த வீட்ட நான் விக்க மாட்டன். நான் கேட்டது பிழை அண்ணா" என்றேன். இவ்வளவு நாளும் வராத வசனம்.

"அத விடு. மறுகா கதைப்பம்," என்றான். அவன் குரலும் சரியில்லை. "இப்ப நீ வெண்டுட்டாய். கார்ட் உன்ட."

"அப்ப தபால்ல அனுப்பன்."

"தபாலா? ஆர்ர சட்டம் அது? வெண்டவள்தான் வந்து எடுக்கணும். உன்ட வீட்டத் திறந்து, சாமித் தட்டில வச்சிட்டு வாறன். வந்து எடு."

வைத்துவிட்டான். ஒற்றைச் சப்பாத்தோடு கதவடியில் இருந்து நான் சிரித்ததைப் பார்த்து என் கணவர் பயந்துபோனார். சித்திரைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், அது வேறு கதை. இந்த வாடகை வீட்டில் தொண்ணூற்றெட்டுக் கிலோக்காரன் ஒருவன் இப்போது என்னோடு இருக்கிறான். ஆரையம்பதியில், பூட்டுத் திறந்த என் சொந்த வீட்டில், எழுபத்தொரு கிலோவில் முகமில்லாத ஒருவன் நான் வந்து எடுக்கும் வரைக்கும் குடியிருக்கிறான்.