நேரே மட்டும் ஓடிய மங்கையற்கரசி

ஐம்பத்துமூன்று வயதில் மங்கையற்கரசிக்குச் சைக்கிள் பழக வேண்டி வந்ததற்கு அவளுடைய வாய்தான் காரணம். ஸ்கீவ நகரத்து முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் பெண்கள், கோடையில் எல்லாரும் சைக்கிளில் போய்த் துறைமுகத்தில் மீன் சாப்பிடுவோமா என்று கேட்டார்கள். இவள் எல்லாருக்கும் முந்தி டேனிஷில் "யா" என்று தலையாட்டிவிட்டாள். இத்தனை வருசம் டென்மார்க்கில் இருந்துவிட்டு, சைக்கிள் ஓடத் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

பழக்குகிற வேலை கணவர் மாமாங்கத்தின் தலையில் விழுந்தது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் பாதையாக்கிய பழைய ரயில் பாதைக்கு அவளைக் கூட்டிப்போனார். வாகனம் வராது, கோடு கிழித்த மாதிரி நேரே போகும்.

"றெயிலே விழாம ஓடின பாதை புள்ள, நீ விழுவியா?"

சில ஞாயிறுகள் வயிறு குலுங்கக் குலுங்கப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு நாள் மூச்சு முட்டி, கையை விட்டுவிட்டார்.

"பிடிச்சிருக்கிறீங்கதானே?"

"ஓம், ஓம்!" என்ற குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது.

மங்கையற்கரசிக்கு நேரே ஓடத் தெரியும். பிரேக் பிடிக்கவும் தெரியும். திருப்பவும், நின்றால் திரும்ப ஏறவும்தான் தெரியாது. ஆகவே மிதித்துக்கொண்டே போனாள்.

பாதை ஒரு வீதியைக் கடக்கும் இடத்தில் தடுப்புக்கட்டை குறுக்கிட்டது. இறங்கி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நாயோடு நடந்து வந்த ஒரு முதியவரிடம், கொஞ்சம் தள்ளிவிடுவீர்களா என்று டேனிஷில் கேட்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றார் அவர்.

வீடு பின்னால் இருந்தது. ஆனால் இவ்வளவு கம்பீரமாக வந்துவிட்டு, திருப்பிவிடுங்கள் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. முன்னால் கையைக் காட்டினாள். மனிதர் வீதியைக் கடக்கவைத்து, நாயும் கூட ஓட, பொறுப்பாகத் தள்ளிவிட்டார். அடுத்தடுத்த கடவைகளிலும் யாராவது அகப்பட்டார்கள். வெகு தூரம் தள்ளி, ரோஸ்லேவ் என்ற ஊரில்தான் ஒருவரும் இல்லை. ஒரு மர வாங்கில் உட்கார்ந்து கணவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எங்க நிக்கிறாய்?"

"ரோஸ்லேவ்ல."

"ரோஸ்லேவா! சரி, அப்படியே திரும்பி வாவன்."

"திரும்பத் தெரிஞ்சா நான் ஏன் ரோஸ்லேவுக்கு வாறன்?"

மாமாங்கம் காரில் பறந்து வந்தார். எப்படிச் சரித்தாலும் சைக்கிள் காருக்குள் போகவில்லை. கடைசியில் அதை ஸ்கீவ பக்கம் திருப்பி, அவளை ஏற்றித் தள்ளிவிட்டார். பிறகு காரில் ஓடி அடுத்த கடவையில் காத்து நின்றார். மறுபடியும் தள்ளினார். மூன்றாவது இடத்தில் அவர் கையை நீட்ட, அவள், "விலகுங்க, நானே ஏறிப் பாக்கிறன்" என்றாள். இரண்டு தரம் சறுக்கினாள். மூன்றாம் தரம் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேரானது.

"நான் போறன், நீங்க வீட்ட போய்ச் சோத்த வையுங்க!"

அவள் முகம் சிவந்து, திருப்பங்களில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமாங்கம் கூட்டாளி அந்தோனிமுத்துவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ரோஸ்லேவ் வரைக்கும் ஓடவிட்டனான் மச்சான். பழக்கிற விதத்தில பழக்க வேணும்."

மங்கையற்கரசி நேரே போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தாள். சோறு பதமாக வெந்திருந்தது. சாப்பாட்டுக் கோப்பை நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.